வெளிமாநிலத் தொழிலாளர்களுக்குத் தமிழ் வகுப்பு: ‘கற்றல் பாணி’ச் சோதனைக்குப் பணம் கட்டும் முன் படிக்க வேண்டியவை

திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் (தைத்த துணியில் குறை தேடும் வேலை) பார்க்கும் ஒடிசாப் பெண்ணுக்கோ, திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஏறும் சத்தீஸ்கர் இளைஞருக்கோ பேச்சுத் தமிழ் கற்றுத்தர வேண்டும் என்ற எண்ணம் உங்களுக்கு வந்திருக்கலாம். வந்தால் தயங்க வேண்டாம். ஆனால் நான்கு பேரிடம் யோசனை கேட்டால் நான்கு திசையில் இழுப்பார்கள். என்னை அப்படித்தான் இழுத்தார்கள். ஒருவர் முதலில் சான்றிதழை அச்சடிக்கச் சொன்னார். இன்னொருவர் இலக்கணப் புத்தகத்தைக் கையில் திணித்தார். ஒரு பயிற்சி நிறுவனம், மாணவர்களின் ‘கற்றல் பாணி’யையும் (கண்ணால் கற்பவரா, காதால் கற்பவரா என்பது) ‘பன்முக அறிவுத்திறனை’யும் (மொழி, இசை, கணக்கு எனப் பலவாகப் பிரித்த திறன்கள்) சோதித்துப் பார்க்காமல் வகுப்பே எடுக்கக் கூடாது என்று சொல்லி விலைப்பட்டியலை நீட்டியது. திருப்பூரில் மாலை வகுப்பு நடத்தித் தட்டுத் தடுமாறித் தெரிந்துகொண்டதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். கோவை, ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கம் தொடங்குகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

1. வருகிறவர்களிடம் தனித்தனியாகப் பேசுங்கள்

வகுப்பு தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே ஒவ்வொருவரிடமும் பத்து நிமிடம் பேசுங்கள். ஐந்தே கேள்விகள் போதும். வீட்டில் என்ன மொழி? எந்த எழுத்தைப் படிக்கத் தெரியும்? என்ன வேலை? தமிழ் தெரியாததால் எங்கே மாட்டிக்கொள்கிறீர்கள்? எந்த நேரம் ஓய்வு? அரைப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டிய ‘சோதனை’ இவ்வளவுதான்.

எல்லோரையும் ‘இந்திக்காரர்’ என்று ஒரே கூடையில் போடாதீர்கள். ஒடியா, வங்காளம், அசாமியா, சந்தாலி பேசுகிறவர்கள் ஒரே ஹாஸ்டல் அறையில் இருப்பார்கள். இது பாடத்தையே மாற்றும். ஒடியாவில் நம் ‘ள’ ஒலி இருக்கிறது. பள்ளியில் படிக்கும் இந்தியில் இல்லை. எனவே பள்ளி, வெள்ளி என்பதை ஒடிசாக்காரர் முதல் நாளே சொல்லிவிடுவார், பீகார்க்காரருக்கு நாள் பிடிக்கும். எ–ஏ, ஒ–ஓ குறில் நெடில் வேறுபாடு இந்தி பேசுகிறவர்களின் காதில் எளிதில் ஏறாது. வாக்கியத்தின் கடைசியில் வினை வருவது மட்டும் இந்தி, ஒடியா, வங்காளம் மூன்றிலும் நம்மைப் போலத்தான், அதனால் அந்தத் தலைவலி உங்களுக்கு இல்லை.

‘படிக்கத் தெரியுமா?’ என்று நான்கு பேர் முன்னால் கேட்கவே கேட்காதீர்கள். தெரியாதவர் ‘தெரியும்’ என்பார், இரண்டாம் வகுப்புக்கு வரமாட்டார்.

2. காகிதங்களை முதல் வாரமே முடித்துவிடுங்கள்

இடம் கொடுப்பவர் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும் ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். எந்தக் கிழமை, எத்தனை மணி, எத்தனை பேர், சாவி யாரிடம், கரண்ட் பில் யார் பொறுப்பு என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும். மண்டபமாக இருந்தால், முகூர்த்த நாளில் இடம் கிடைக்காது என்பதையும் அதிலேயே எழுதிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஆவணி மாதம் முழுக்கத் தெருவில் நிற்பீர்கள்.

கம்பெனி வழியாக ஆள் வந்தால் நிர்வாகத்திடமிருந்து தனிக் கடிதம் தேவை. வகுப்புக்கு வருவது தொழிலாளியின் விருப்பம், வராததற்காகச் சம்பளம் பிடிக்கப்படாது என்ற இரண்டு வரிகள் அதில் கட்டாயம் வேண்டும். பெண்கள் ஹாஸ்டலிலிருந்து வந்தால் வார்டனின் ஒப்புதலும், திரும்பும் நேரமும், அழைத்துவந்து அழைத்துச்செல்பவர் பெயரும் எழுத்தில் இருக்கட்டும். பெண்கள் இருக்கும் வகுப்பில் ஓர் அக்காவாவது உதவிக்கு இருந்தாக வேண்டும்.

ஆதார் நகல் வாங்கி அடுக்கி வைக்காதீர்கள். உங்களுக்கு அது எதற்கும் உதவாது, தொலைந்தால் பொறுப்பு உங்கள் தலையில் விழும். பெயரும் போன் நம்பரும் எழுதிய வருகைப் பதிவேடு போதும். படம் எடுத்துப் பகிர்வதாக இருந்தால் அவரவர் மொழியில் சொல்லி ஒப்புதல் கேளுங்கள். சான்றிதழ் கொடுக்க ஆசையிருந்தால், ‘இத்தனை மணி நேரம் வகுப்பில் கலந்துகொண்டார்’ என்பதோடு நிறுத்துங்கள். ‘அரசு அங்கீகாரம்’ என்ற சொல்லையோ அரசுச் சின்னத்தையோ போட்டு வம்பை விலைக்கு வாங்காதீர்கள்.

3. செலவு

பதினைந்து பேர், வாரம் மூன்று வகுப்பு, எட்டு வாரம், இடம் இலவசம் என்று வைத்துக்கொண்டால் சுமார் 8,000 ரூபாய் ஆகும். ஒரு வெள்ளைப் பலகை 1,500, சிறிய ஸ்பீக்கர் 1,000, ஜெராக்ஸ் 750, மார்க்கரும் நோட்டும் சில நூறு. மிச்சமெல்லாம் டீ. ஆம், பாதிக்கு மேல் டீக்கே போகும், அதில் கை வைக்காதீர்கள். இரவு வேலை முடித்து வருகிறவருக்கு டீயும் பன்னும்தான் முதல் பாடம்.

தொழிலாளியிடம் கட்டணம் வாங்க வேண்டாம் என்பது என் கட்சி. கம்பெனியிடம் கேளுங்கள். ஆனால் பணம் கொடுக்கும் கம்பெனி, வகுப்பில் சூப்பர்வைசரை உட்கார வைக்கப் பார்க்கும். சம்மதிக்காதீர்கள். அவர் உட்கார்ந்தால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள்.

4. நேரமும் மாதமும்

திருப்பூரில் பெரும்பாலோர் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறார்கள். இரவு எட்டரைக்கு விட்டால், ஒன்பது மணிக்கு ஐம்பது நிமிட வகுப்பு. அதற்கு மேல் இழுத்தால் தூங்கிவிழுவார்கள். சனிக்கிழமை சம்பள நாள், வகுப்பு வைக்காதீர்கள். ஞாயிறு காலை துணி துவைக்கவும் சமைக்கவும் ஊருக்குப் போன் பேசவும் சரியாக இருக்கும். பிற்பகல் மூன்று மணிக்கு வைத்து, கடைவீதிக்குப் போகும் நேரத்துக்கு விட்டுவிடுங்கள்.

மாதக் கணக்கு அதைவிட முக்கியம். பொங்கல் முடிந்து ஊரிலிருந்து ஆட்கள் திரும்பியதும் தொடங்கினால் ஹோலிக்கு முன் ஒரு தொகுப்பை, அதாவது ஒரு எட்டு வார வகுப்பை, பெரும்பாலும் முடித்துவிடலாம். அடுத்தது ஜூனில் தொடங்கி துர்கா பூஜைக்கு முன் முடியட்டும். தீபாவளி போனஸ் வாங்கியதும் ரயில் ஏறுவார்கள். பீகார்க்காரர்களுக்குத் தீபாவளியிலிருந்து ஆறாம் நாள் சத் பூஜை, அது முடியாமல் திரும்பமாட்டார்கள். அந்த மாதம் வகுப்பறையில் நாற்காலிகள்தான் இருக்கும். ஷிப்மென்ட் நெருக்கும் வாரத்திலும் வருகை பாதியாகும், அதற்காக மனம் உடைய வேண்டாம்.

5. ‘பாணிச் சோதனை’க்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்

இங்கேதான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

உங்களிடம் விற்க வருகிறவர் இப்படித் தொடங்குவார்: ‘சிலர் கண்ணால் கற்பவர்கள், சிலர் காதால், சிலர் கைவேலையால். யார் எந்த வகை என்று கண்டுபிடித்து, அந்த வகையில் கற்பித்தால் பாதி நேரத்தில் கற்றுவிடுவார்கள்.’ கேட்க நியாயமாகத்தான் இருக்கும். நியூசிலாந்துக் கல்வியாளர் நீல் ஃபிளெமிங் 1992இல் கொண்டுவந்த நான்கு வகைப் பட்டியல் இவற்றில் பேர்போனது: பார்வை, செவி, படித்தல்–எழுதுதல், உடலியக்கம். அதுபோல இன்னும் எத்தனையோ உண்டு. 2004இல் பிரிட்டனில் ஒரு குழு எண்ணிப் பார்த்தபோது 71 மாதிரிகள் தேறின. ஒரு மனிதரை 71 விதமாகப் பிரிக்கலாம் என்றால், எந்தப் பிரிவை நம்பி நீங்கள் பாடம் நடத்துவீர்கள்?

ஒருவருக்குப் படம் பிடிக்கும், இன்னொருவருக்குக் கேட்பது பிடிக்கும் என்பதை யாரும் மறுக்கவில்லை. பிடித்த வழியில் கற்பித்தால் கூடுதலாகக் கற்கிறார்களா என்பதுதான் கேள்வி. அமெரிக்க உளவியலாளர்கள் ஹரால்ட் பாஷ்லரும் வேறு மூவரும் 2008இல் அதைத்தான் அலசினார்கள். இதை நிரூபிப்பதற்கு வழி இருக்கிறது. ஆட்களைப் பாணிவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் பாதிப் பேருக்குப் படத்தாலும் பாதிப் பேருக்குச் செவிவழியும் கற்பித்து, எல்லோருக்கும் ஒரே தேர்வு வைக்க வேண்டும். கண்வழிக்காரர் படத்தாலும் காதுவழிக்காரர் ஒலியாலும் மேலே வந்தால் கூற்று உண்மை. அப்படிச் சரியாக நடத்திய ஆய்வுகளே மிகச் சில, அவற்றிலும் பல இந்தக் கூற்றுக்கு எதிராகவே முடிந்தன என்று அவர்கள் எழுதினார்கள். பாணிச் சோதனைக்குப் பணம் செலவிட இது போதிய ஆதாரமல்ல என்பது அவர்கள் முடிவு.

அடுத்து, ‘பன்முக அறிவுத்திறன்’. ஹார்வர்ட் பல்கலைக்கழக உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னர் 1983இல் ஏழு திறன்களைச் சொன்னார்: மொழி, தர்க்கமும் கணக்கும், இடவெளி, இசை, உடலியக்கம், பிறரைப் புரிந்துகொள்ளுதல், தன்னைப் புரிந்துகொள்ளுதல். பின்னாளில் இயற்கையறிவைச் சேர்த்து எட்டாக்கினார். இது மனிதத் திறன்களைப் பற்றிய ஒரு கோட்பாடு, இதற்கும் உளவியலாளர்களிடையே எதிர்ப்பு உண்டு. நமக்கு வேண்டியது ஒன்றுதான்: தான் சொன்னது கற்றல் பாணி அல்ல, இரண்டையும் குழப்பாதீர்கள் என்று கார்ட்னரே எழுதியிருக்கிறார். விற்பனையாளர்கள் அந்தப் பக்கத்தை மட்டும் தவறாமல் விட்டுவிடுகிறார்கள்.

எல்லாவற்றிலும் மோசமானது கைரேகைச் சோதனை. பத்து விரல் ரேகையை ஸ்கேன் செய்து ‘இவருக்கு இசையறிவு இவ்வளவு சதவீதம், மொழியறிவு இவ்வளவு சதவீதம்’ என்று வண்ண அறிக்கை கொடுப்பார்கள். குழந்தைகளை வைத்துப் பெற்றோரிடம் விற்றுக்கொண்டிருந்தவர்கள் இப்போது கம்பெனி மனிதவளத் துறைகளின் கதவையும் தட்டுகிறார்கள். விரல் ரேகைக்கும் மொழி கற்கும் திறனுக்கும் எந்தத் தொடர்பும் நிறுவப்படவில்லை. அதற்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு தொகுப்பு முழுக்க வடையும் சேர்த்துக் கொடுத்துவிடலாம்.

பணம் போனால்கூடப் பரவாயில்லை. பெரியவர்களுக்கு இதில் வேறொரு கேடு இருக்கிறது. பள்ளியில் ‘மக்கு’ என்று பெயர் வாங்கியவர் பாதிப் பேர். அவர்களிடம் ‘நீங்கள் கைவேலை வகை, எழுத்து உங்களுக்கு ஒத்துவராது’ என்று சீட்டு எழுதிக் கொடுத்தால், இருக்கிற கொஞ்ச நம்பிக்கையும் போய்விடும். என் வகுப்பில் கட்டிங் மாஸ்டர் ஒருவர், தமக்கு எழுத்தே ஏறாது என்று பலகையைப் பார்க்காமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். பேருந்து முகப்பில் ‘அவிநாசி’, ‘பல்லடம்’ என்று எழுதியிருப்பதைப் படித்தால் தவறான பஸ்ஸில் ஏற வேண்டாம் என்றதும், ஊர்ப்பெயர் எழுதிய அட்டைகளை வாங்கிப்போய்த் தலைமாட்டில் ஒட்டிக்கொண்டார். இப்போது போகிற வழியில் கடைப் பலகைகளையெல்லாம் உரக்கப் படிக்கிறார்.

6. என்ன பாடமோ, அதற்கேற்ற வழி

அப்படியானால் எல்லோருக்கும் ஒரே மாதிரி மந்திரம் ஓதுவதா? இல்லை. வழியை மாற்றத்தான் வேண்டும். ஆளை வைத்து மாற்றாமல் பாடத்தை வைத்து மாற்றுங்கள்.

கொல்–கோல், பல்–பள்ளி–பழம் என்ற ஒலி வேறுபாட்டை, படம் பிடிக்கிற ஆளாக இருந்தாலும் காதால் கேட்டு வாயால் சொல்லித்தான் பிடிக்க முடியும். ஸ்பீக்கரும் திரும்பத் திரும்பச் சொல்வதும்தான் வழி. எழுத்தின் வடிவத்தை, பாட்டு பிடிக்கிற ஆளாக இருந்தாலும் கண்ணால் பார்த்துக் கையால் எழுத வேண்டும். ‘இந்தப் பக்கம் திரும்புங்க, மேலே வைங்க, கட்டை அவிழ்த்துடுங்க’ போன்ற வேலைத்தள ஏவல்களுக்கு எழுந்து நின்று செய்வதே சிறந்தது. நீங்கள் சொல்லச் சொல்ல அவர்கள் உடலால் செய்து காட்டும் இந்த முறையை அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் பரப்பினார். முதல் இரண்டு வாரம், பேசக் கூச்சப்படுகிறவர்களுக்கு இது மிகவும் உதவும், வாய் திறக்காமலே புரிந்துகொண்டதைக் காட்டிவிடலாம் அல்லவா?

எண்களுக்கு வேறு வழி. இந்தியில் நூறுவரை ஏறக்குறைய ஒவ்வோர் எண்ணுக்கும் தனிச் சொல். தமிழில் இருபது, முப்பது தெரிந்தால் மிச்சத்தைத் தாங்களே கோத்துக்கொள்வார்கள். விதியைப் பலகையில் காட்டினால் முகம் மலர்ந்துவிடும். ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம் மட்டும் விதிக்கு அடங்காது, அதை அன்றே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் மளிகைக் கடையில் ஏமாறுவார்கள்.

மரியாதையையும் முதல் வாரத்திலேயே சேருங்கள். இவர்கள் காதில் அதிகம் விழும் தமிழ் ‘வா, போ, எடு’தான். அதையே வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னால் வாடகை வீடு போய்விடும். கொங்கு நாட்டில் எதைச் சொன்னாலும் பின்னால் ஒரு ‘ங்க’ ஒட்டிக்கொள்ளும். ‘அண்ணா’, ‘அக்கா’வோடு அதையும் சேர்த்தே ஒவ்வொரு வாக்கியத்தையும் கற்றுக்கொடுங்கள், தனிப் பாடமாக வைக்காதீர்கள்.

7. கார்ட்னரின் பட்டியலை உங்களைச் சோதிக்கப் பயன்படுத்துங்கள்

அந்த எட்டையும் மாணவர் நெற்றியில் ஒட்டாமல் உங்கள் பாடக்குறிப்பின் ஓரத்தில் எழுதிவையுங்கள். ஒரு வாரப் பாடத்தில் எத்தனை வழிகள் வந்தன என்று டிக் போட்டுப் பாருங்கள். நம்மில் பலர் பேசுவதும் எழுதிப்போடுவதுமாகவே வாரத்தைக் கழித்துவிடுகிறோம் என்பது அப்போதுதான் தெரியும். ஒரே சொல் வெவ்வேறு சூழலில் திரும்பத் திரும்ப வந்தால் பெரியவர்களுக்கு நன்றாகப் பதிகிறது. பல வழிகளில் கற்பிப்பதன் பலன் இதுதான், பாணி பொருந்தியதால் அல்ல.

செக்கிங் பெண்களுக்கான ஒரு பாடத்தைச் சொல்கிறேன். திருப்பூர்த் துணிச் சந்தையான காதர்பேட்டையில் செகண்ட்ஸ் (குறையுள்ள) பனியன்கள் சில நூறு ரூபாய்க்கு வாங்கிவந்தேன். மேசையில் கொட்டி, ஓட்டை, கறை, தையல் விட்டது, அளவு குறைந்தது என்று நான்கு குவியலாகப் பிரிக்கச் சொன்னேன். சொல்லைக் கேட்டபடி கை போகிறது. பிறகு இருவர் இருவராக, ஒருவர் சூப்பர்வைசர், ஒருவர் செக்கர்: ‘இதில் என்ன?’ ‘காலரில் ஆயில் கறை இருக்குங்க அண்ணா.’ பிறகு பனியன் படம் வரைந்து, கறை எந்த இடத்தில் என்று கழுத்து, தோள், கை, ஓரம் எனக் காட்டச் சொன்னேன். கடைசியில் ஒவ்வொரு குவியலையும் எண்ணிக் கூட்டுத்தொகை சொல்ல வேண்டும். ஐம்பது நிமிடத்தில் ‘கறை’ என்ற சொல்லைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்கள். அலுத்துப்போனால்தான் வேலை நடந்ததாக அர்த்தம்.

எட்டையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள், மூன்று போதும். இசையில் எச்சரிக்கை தேவை. இளைஞர்கள் எண்களைத் தாளம் தட்டிச் சொல்வார்கள். ஆனால் நாற்பது வயது ஆளை எழுப்பிக் கைதட்டிப் பாடச் சொன்னால், அவமானமாக எடுத்துக்கொண்டு நின்றுவிடுவார். குழந்தைப் பாட்டு, கார்ட்டூன் படம் போட்ட அட்டை இரண்டுக்கும் இங்கே வேலையில்லை.

8. திரும்பக் கேளுங்கள், இடைவெளி விட்டுக் கேளுங்கள்

பாணியைவிடப் பல மடங்கு ஆதாரம் உள்ள விஷயம் இது, ஆனால் இதை யாரும் விற்பதில்லை, ஏனென்றால் இதில் காசு இல்லை. அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்ததைப் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியவர்கள்தான் முன்னால் நின்றார்கள். அதாவது, வகுப்பு முடியும்போது ‘எல்லாம் புரிந்தது’ என்று தலையாட்டுவதை நம்பக் கூடாது.

எனவே ஒவ்வொரு வகுப்பின் முதல் பத்து நிமிடத்தில் புதுப்பாடம் வேண்டாம். போன வகுப்பிலிருந்து மூன்று, போன வாரத்திலிருந்து மூன்று, முதல் வாரத்திலிருந்து இரண்டு என்று நோட்டைப் பார்க்காமல் கேளுங்கள். தவறினால் திட்டாமல் உடனே விடையைச் சொல்லிவிட்டு, பத்து நிமிடம் கழித்து அவரையே மறுபடி கேளுங்கள்.

9. எட்டாவது வாரத் தேர்வு தெருவில்

எழுத்துத் தேர்வு வேண்டாம். டீக்கடையில் சர்க்கரை கம்மியாக ஒரு டீ வாங்க வேண்டும். மருந்துக்கடையில் எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று சொல்ல வேண்டும். பஸ்ஸில் இறங்குமிடம் சொல்லி மீதிச் சில்லறை கேட்க வேண்டும். இஎஸ்ஐ மருந்தகத்தில் கார்டைக் காட்டித் தன் முறை எப்போது என்று விசாரிக்க வேண்டும். கடைக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இல்லையென்றால் இரக்கப்பட்டு அவர்களே அரைகுறை இந்தியில் பேசித் தேர்வைக் கெடுத்துவிடுவார்கள். எட்டு வாரத்தில் இருபது மணி நேரம்தான் கிடைக்கும். அதில் இந்த நான்கில் மூன்று முடிந்தால் நல்ல தேர்ச்சி. தடையில்லாத உரையாடலை எதிர்பார்க்காதீர்கள், யாரும் கேட்டால் வாக்கும் கொடுக்காதீர்கள்.

எழுத்தும் கற்க விரும்புகிறவர்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் அடிப்படைப் பாடங்களுக்கு அனுப்பலாம். தாய்மொழியிலேயே எழுதப் படிக்கத் தெரியாதவர்களை அங்கே அனுப்பாதீர்கள், அவர்களுக்குத் தனியாக அமர்ந்து சொல்லித்தர ஆள் வேண்டும்.

அடுத்த தொகுப்புக்கு நோட்டீஸ் அடிக்க வேண்டியதில்லை. முடித்தவர்களில் இருவரை உதவிக்கு வைத்துக்கொண்டால் அறை அறையாகச் செய்தி போய்விடும். ஒடியாவிலும் வங்காளத்திலும் சந்தேகம் தீர்த்துவைக்க உங்களால் முடியாது, அவர்களால் முடியும். அவர்களுக்குப் பஸ் கட்டணமும் இரவுச் சாப்பாடும் கொடுங்கள். மூன்றாம் படியில் சொன்ன 8,000 ரூபாயில் இது சேரவில்லை, முதலிலேயே ஒதுக்கி வையுங்கள்.